சந்தனம் வைத்த நுண்ணோக்கி

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. இருக்கிறது என்றால், தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில், பூப்பந்துக் கோப்பைகளுக்கு நடுவில் இருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. கொடுத்த அன்று எல்லாரும் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் வழியாக யாரும் எதையும் பார்க்கவில்லை.

நான் ஆறாம் ஆண்டுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். நுண்ணுயிர் பாடம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடநூலில் படம், திரையில் படம், பயிற்சித்தாளிலும் படம். சாவி கேட்டுப் போகும்போதெல்லாம் தலைமையாசிரியர், "பிள்ளைங்க கையில கொடுத்து ரோசாக் ஆயிட்டா யாரு டீச்சர் பதில் சொல்றது?" என்பார். பழுதாகவே கூடாது என்றால் அதற்குப் பதில் ஒரு பொம்மையை வைத்திருக்கலாம். மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்புவேன்.

அந்த ஆண்டு ஒரு மாணவி என்னை விடவில்லை. ஜெலுத்தோங் பக்கம் பிளாட்டில் இருப்பவள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கிலிருந்து சாக்கடைத் தண்ணீரை மொண்டு போத்தலில் கொண்டுவந்துவிட்டாள். மூடியைத் திறந்தால் வகுப்பே மூக்கைப் பிடிக்கும். "இதுல உயிர் இருக்குன்னு சொன்னீங்கல்ல டீச்சர். படத்துல வேணாம், என் தண்ணியில காட்டுங்க" என்று வாரம் தவறாமல் கேட்டாள். இன்னும் சில மாதத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு தடவையாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

சரஸ்வதி பூசைக்கு மட்டும் அந்த அலமாரி திறக்கும். மண்டபத்தில் புத்தகங்களோடு நுண்ணோக்கிக்கும் பூப்போட்டு வைப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். "சார், பூசையில வச்சத இன்னிக்கு எடுத்துத் தொடங்கணும். திரும்பவும் உள்ள வச்சுப் பூட்டினா எப்படி?" சாமி காரியம் என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. "ஒரு பாடவேளைதான்லா டீச்சர்" என்றார்.

அவள் போத்தல் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்து அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். "ஒன்னும் தெரியல டீச்சர். இருட்டா இருக்கு." குனிந்து பார்த்தேன். புதுக் காரின் விளக்குக்குப் பொட்டு வைப்பதுபோல, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலேயே யாரோ சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். நன்றாகக் காய்ந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கருவிகளைக் கையாளும் முறை என்று வருடா வருடம் சோதனையில் கேள்வியே கேட்கிறேன். ஆனாலும் தோளில் குத்தியிருந்த சேலைப் பின்னை உருவி, சுரண்டி எடுத்தேன்.

"தெரியுது டீச்சர்!" என்று குதித்தாள். நோட்டில் கோடு கோடாக வரைந்து, 'என் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்' என்று தலைப்புப் போட்டாள். வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் அதே கோடுகளை வரைந்தார்கள். நானும் பார்த்தேன். அவ்வளவும் என் சேலைப் பின் போட்ட கீறல். சொல்ல வாயெடுத்தவள், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தார்கள்.

அவள் மட்டும் மறுபடியும் வரிசையில் நின்று வந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.

"டீச்சர், கண்ணு வைக்கிற இடத்தத் திருப்பினா கோடும் கூடவே சுத்துது. தண்ணிய எடுத்துட்டேன், அப்பவும் இருக்கு. இது உயிர் இல்ல டீச்சர், கண்ணாடியில கீறல். யாரு கீறினது?"

அப்படிச் சோதித்துப் பார்க்க நான் சொல்லித் தரவில்லை. "நான்தான், பின் ஊசியால" என்றேன்.

அவள் தலைப்பை அழித்துவிட்டு, 'டீச்சர் பின் ஊசியால் கீறியது' என்று எழுதினாள். மணி அடித்துவிட்டது. தண்ணீரில் இருப்பதை அவள் பார்க்கவே இல்லை.

மறுவாரம் நோட்டுகள் தலைமையாசிரியர் பார்வைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைசியில் சிவப்புப் பேனாவால் அவளுக்கு மட்டும் சரி போட்டு, நோட்டை அடுக்கின் மேலேயே வைத்து அனுப்பினேன்.