வாசலோரத்துப் பாய்

"குனி சாமி" என்றதும் சாமி குனிகிறது. பாப்பாயி அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுக்கிறாள். கண்ணை மூடி, இழுத்த மூச்சைக் கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருக்கிறாள். பிறகு முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளை குழாயடிக்குப் போகலாம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே நுழையலாம். தட்டு விழவில்லை என்றால் கூட வந்த அம்மா பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மலைமேல் எடப்புளி நாடு என்கிற ஊர்ப்பகுதியில், மேட்டின் மேல் தனியாக நிற்கும் அங்கன்வாடிக்கு அவள் ஆயா. ஐம்பத்து நான்கு வயது, ஒடிசலான உடம்பு, காலில் எப்போதும் ஈரம். மூக்கைக் காப்பாற்றுவதற்காகவே அவள் வாழ்கிறாள் என்று ஊரில் கேலி உண்டு. பூ வைக்கமாட்டாள், வெற்றிலை போடமாட்டாள், காலையில் வீட்டில் கடுகு தாளிக்க விடமாட்டாள். பழைய கேழ்வரகுக் களியை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவள் புருஷன் சின்னுசாமி மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தியபடி போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்: "முப்பது வருசமாச்சுங்க கண்ணாலமாகி. ஊரு புள்ளைக தலையெல்லாம் மோந்து பாக்கறா. என்ற தலைய ஒருக்கா பாத்ததில்லீங்க!"

என்னதான் வாசம் அது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள். "மழையில நனஞ்ச இரும்பு இருக்குதுல்லீங்க, அந்த வாசம். காய்ச்சல் நாளைக்கித்தான் வரும். வாசம் இன்னைக்கே வந்துருமுங்க."

டீச்சர் பானுமதி கீழ்நாட்டுக்காரி. புளியஞ்சோலைப் பக்கம் சொந்த நிலமும் நெல்லும் உள்ள குடும்பம். மலைக்கு வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவளுக்கு நம்பிக்கை தெர்மாமீட்டரில். கை கழுவும் படத்தைச் சுவரில் ஒட்டியதும், ஆளுக்கொரு டம்ளர் என்று வைத்ததும், திங்கட்கிழமை நகம் வெட்டுவதும் அவள் ஏற்பாடு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுவதும், பாய்களை வெயிலில் போட்டுப் புரட்டுவதும் பாப்பாயி ஏற்பாடு. புதிதாக ஒரு பிள்ளை சேர வந்தால் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்பது தடுப்பூசி அட்டையைத்தான். ஒரே ஒரு விஷயத்தில்தான் பிணக்கு. "அது கிருமி பாப்பாயக்கா" என்பாள் டீச்சர். "நீங்க கிருமின்னு சொல்லுங்க, நானு வந்தவங்கன்னு சொல்லிக்கறேன். ரெண்டும் கண்ணுக்குத் தெரியாதுதானுங்களே" என்பாள் இவள்.

வந்தவங்க. நோவுக்கு அப்படித்தான் மரியாதை கொடுத்துப் பேசுவாள். கடைசிப் பிள்ளையும் உள்ளே போன பிறகு வாசல்படியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை, எதிரே யாரோ கையை நீட்டிக்கொண்டிருப்பது போல, மெதுவாகச் சாய்த்து இரண்டு தரம் ஊற்றுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீச்சர் உண்மையிலேயே யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். பனி இறங்கிய ஒரு காலையில், தண்ணீர் நேராகத் தரைக்குப் போகாமல் நடுவில் எதன் மேலோ பட்டுத் தெறித்தது போலவும் அவளுக்குத் தோன்றியது. பனிதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு, பிள்ளைகளின் பாய்களுக்கெல்லாம் எட்டி, வாசலோரத்தில் தனியாக ஒரு பாய் விரிப்பாள். அதன் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். மாலை வரை அங்கே யாரும் உட்காரக் கூடாது. "நோவு வந்தா உக்கார ஒரு எடம் வேணுமில்லீங்க. எடமில்லீன்னா புள்ளைக மேலதான் உக்காரும்." சாயங்காலம் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு மூன்று தடம் பிரிகிற இடத்துக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வாள்: "போங்க." பகையாளியைக்கூட நாம் "போயிட்டு வாங்க" என்றுதான் அனுப்புகிறோம். பாப்பாயி அந்த ஒரு விருந்தாளிக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை.

அந்த டம்ளரில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: பிரேம்.

எட்டு வருடத்துக்கு முந்திய கதை அது. நடவு நாள், மழை வேறு. மூன்று வயது பிரேமின் தலையில் இரும்பு வாசம் அடித்தது. "ஒரு நாளைக்கி மட்டும் பாத்துக்கோங்க ஆயா" என்று அவன் அம்மா கெஞ்ச, வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பாத ஊர் வழக்கம் இவள் வாயைக் கட்டிவிட்டது. முதுகில் தட்டி உள்ளே விட்டாள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்பது பிள்ளைகளுக்கு அம்மை வார்த்தது. எட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஊசி போட வேண்டிய மாதத்தில் பிரேம் ஊரிலேயே இல்லை. கூலி வேலைக்குப் போன பெற்றவர்களோடு கீழ்நாட்டில் இருந்தான். அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "வந்தவங்க குடிச்ச டம்ளரு. அவங்களுக்கே இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்துதான் வாசலோரத்துப் பாய்.

இந்த ஆண்டு ஆடி முடிந்ததும் ராதிகா தன் மகள் சுஜிதாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றே முக்கால் வயது. ஏழு மாதத்தில் பிறந்து நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. அதற்குள் இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. "மூணாவது தடவ வந்தா தாங்குமான்னு தெரியாதும்மா" என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் செம்மேட்டில் துணிக்கடை வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ராதிகாவின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பாப்பாயி பிள்ளையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒரே நாள்ல உட்டுட்டு ஓடாத கண்ணு. மொத நாளு அரை மணி நேரம். அப்புறம் ஒரு மணி நேரம். பழகட்டும்." ராதிகாவும் கூடவே உட்கார்ந்தாள். சுஜிதாவின் டம்ளர் வேறு, துண்டு வேறு, பாய் ஜன்னலோரம். யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது. மூக்கு ஒழுகுகிற பிள்ளை கிட்டே போகக் கூடாது. எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான். மற்ற பிள்ளைகள் விளையாடுகிறபோது சுஜிதா மட்டும் வாசலோரத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் சிரிப்பாள். அந்தப் பாயில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் முகம் இருக்கும் உயரத்தில் அவள் கண் நிலைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம். பாப்பாயி டம்ளரோடு முன்னே போகிறாள், ராதிகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பின்னால் வருகிறாள். தடம் பிரிகிற இடத்தில் பாப்பாயி தண்ணீரைக் கொட்டி "போங்க" என்றாள். ராதிகா திருப்புலி நாட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். இந்தக் கதையெல்லாம் அவளுக்குத் தெரியாது. பனிமூட்டத்தில் யாரோ கிளம்புகிறார்கள், ஆயா வழியனுப்புகிறாள் என்று நினைத்துவிட்டாள். பெரியவர் கிளம்பும்போது பிள்ளைக்கு மரியாதை பழக்காத தாய் உண்டா? "டாட்டா சொல்லு பாப்பா. போயிட்டு வாங்கன்னு சொல்லு" என்றாள்.

அவ்வளவு நீளம் பேச அந்தப் பிள்ளைக்கு ஏது வாய்? கடைசிச் சொல்லில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டது. வெறும் தடத்தைப் பார்த்து, விரல்களை மடக்கி மடக்கி, "வா" என்றது. "வா. வா."

பாப்பாயி பிள்ளையின் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள். ராதிகாவுக்கு என்ன என்று புரியவில்லை. தடத்தோரத்துத் தைலப்புல் காற்றில்லாமல் அசைந்தது, அங்கன்வாடி மேட்டுப் பக்கமாக.

மறுநாள் ராதிகாவுக்குக் கடையில் முதல் நாள். புதுச் சேலையில் வந்து நின்றாள். "குனி சாமி" என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை தாயின் தோளில் சாய்ந்திருந்தது. பாப்பாயி முகர்ந்தாள். கண்ணைத் திறக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. தட்டவில்லை.

டீச்சர் தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. பிள்ளை சிரிக்கிறது.

"ஏனுங்க ஆயா, உங்க மூக்கு சொல்லுதுன்னு என்ற வேலைய உடச் சொல்றீங்களா? மொத நாளே லீவுன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்று ராதிகா அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சரும் தாழ்ந்த குரலில், "டெம்பரேச்சர் நார்மலா இருக்குது பாப்பாயக்கா" என்றாள். எட்டு வருடத்துக்கு முந்திய அதே வாசல்படி. அதே கெஞ்சல்.

"நீ போ கண்ணு. புள்ள என்கிட்ட இருக்கட்டும். ஆனா உள்ள வராது" என்றாள் பாப்பாயி. "அவ அப்பன் போனு நெம்பர டீச்சருகிட்டக் குடுத்துட்டுப் போ."

பலாமரத்தடியில் விறகு போடுகிற கொட்டாய் இருக்கிறது. வாசலோரத்துப் பாயை அங்கே கொண்டுபோய் விரித்து, பிரேமின் டம்ளரில் தண்ணீர் வைத்து, பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். அன்று பதினான்கு பிள்ளைகளுக்கும் டீச்சர் ஒற்றை ஆளாகச் சமைத்துப் போட்டாள். பத்தரை மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி கொண்டுபோனபோது பாப்பாயி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பிள்ளையிடம் இல்லை. பாயைப் பார்த்துப் பேசினாள்.

"இவ பொறந்ததே ஏழு மாசத்துல. இவகிட்ட என்ன இருக்குதுன்னு வந்தீங்க? பச்ச மண்ணு, கூப்புடத் தெரியாம கூப்புட்டுருச்சு. உக்காரோணும்னா என்கிட்ட உக்காருங்க. நானு ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பியபோது டீச்சர் டம்ளரைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. ஆயாதான் குடித்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். ஆயா அந்த டம்ளரைத் தொட்டுக் குடிக்கமாட்டாள் என்பது கொட்டாயைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பதினொன்றரைக்குப் பிள்ளையின் கன்னம் சிவந்தது. பன்னிரண்டுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போயிற்று. டீச்சர் போன் போட, அப்பா சதீஷ்குமார் மரவள்ளி ஏற்றப் போன பிக்அப் வண்டியைப் பாதியில் திருப்பிக்கொண்டு வந்தான். செம்மேட்டில் ராதிகாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆக்ஸிஜனோடு கீழே நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். இங்கே பதினான்கு பிள்ளைகளும் வழக்கம்போல் முட்டை சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த இரண்டு நாளும் பாப்பாயி வழக்கம்போல் வாசலில் நின்றாள். தலைகளை முகர்ந்தாள், தட்டினாள், தண்ணீர் ஊற்றினாள். ஒரு பிள்ளைக்கும் வாசம் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீச்சரின் போனில் ராதிகா வந்தாள்.

"காய்ச்சல் எறங்கிருச்சுங்க டீச்சர். இட்லி தின்னுட்டா. நேரத்துல கொண்டாந்தீங்கன்னு டாக்டரு சொன்னாங்க. ஆயாகிட்டச் சொல்லுங்க, அன்னைக்கிப் பேசுனத மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

பாப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருட அழுகை அது. டீச்சரும் கூட அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாப்பாயி கேட்டாள்: "வந்தவங்க புள்ளைய உட்டுட்டாங்க. சரிங்க. எங்க போனாங்க?"

நான்காம் நாள் காலை, கைக்கெட்டிய தூரம் தெரியாத அளவுக்குப் பனி. பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அன்று மட்டும் முன்னதாகவே, கீழே நின்று கை நீட்டிப் பாயை விரித்து டம்ளர் வைத்தாகிவிட்டது. பாப்பாயி படியேறாமல் கீழேயே நின்றாள். கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"டீச்சர், ஒருக்கா பாருங்க. என்ற தலைய நானே பாக்க முடியாதுல்லீங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாது பாப்பாயக்கா."

"பாருங்க சாமி."

குனிந்தாள். டீச்சர் ஒரு படி இறங்கி வந்து அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். மூச்சை உள்ளே இழுத்தது பாப்பாயிக்குக் கேட்டது. வெளியே விட்டது கேட்கவில்லை. குனிந்தபடியே முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டு விழும் என்று காத்திருந்தாள். மேட்டின் கீழே பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் ஏறி வந்தது.

பாப்பாயி நிமிர்ந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்க்காமல், கையை நீட்டி வாசலோரத்துப் பாயை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிரேமின் டம்ளரைத் தண்ணீர் தளும்பாமல் எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் வருகிற தடத்தை விட்டு ஒதுங்கி, பலாமரத்துக் கொட்டாயை நோக்கி நடந்தாள்.