இரண்டு ஹூக்கர்கள்

ரயிலில் நெரிசல் கூடினால் என் விரல்கள் தாமாகவே மடங்குகின்றன. லண்டனில், சட்டனிலிருந்து விம்பிள்டன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண்ணின் கோட்டைப் பிடித்துச் சுண்டிவிட்டேன். அவள் திரும்பி முறைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். கிழவன் விழாமல் நிற்கப் பார்க்கிறான் என்று நினைத்து இடம் விட்டாள். அன்று கோயிலில் சாமியைப் பார்க்க மனம் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் ஒரு காலத்தில் இலங்கைக்கு ரக்பி ஆடியவன். இங்கே நம் ஆட்களிடம் சொன்னால் "கிரிக்கெட்டோ?" என்று கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள் என் உயரத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்குச் சம்பளம் கிடையாது. பூட்ஸ் நாங்களே வாங்குவோம். கொழும்பில் வேலை பார்த்த கம்பனியில் லீவுக்குக் கெஞ்சிக்கொண்டு நிற்போம். சனிக்கிழமை நாட்டுக்காக ஆடியவன் திங்கட்கிழமை வீங்கிய காதோடு மேசையில் உட்கார்ந்து கடிதம் டைப் அடிப்பான். ஆறு வருடம் அப்படி ஆடினேன். அந்த ஆறு வருடமும் எனக்கு வந்த விதம் சரியில்லை.

நான் ஹூக்கர். ஸ்கிரம் என்றால் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, முன்வரிசைக்காரர்கள் தலைகளைக் கோத்து, ஒருவரையொருவர் முட்டித் தள்ளுவது. முன்வரிசையின் நடுவில் நிற்பவன்தான் ஹூக்கர். அவனுடைய இரண்டு கைகளும் பக்கத்தில் நிற்கும் இருவரின் தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும். விழுந்தால் ஊன்றுவதற்குக் கை இல்லை. எங்கள் அணியில் தள்ளும் நேரத்தை ஹூக்கர் வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவர்களின் ஜெர்சியை விரலால் சுண்டி இழுப்பான். அவர்கள் தள்ளுவார்கள், பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து தள்ளுவார்கள்.

அணியில் தமிழர் இரண்டே பேர். எங்கள் கஷ்டகாலம், இரண்டு பேரும் ஹூக்கர். மற்றவன் என்னைவிடக் கெட்டிக்காரன். மேட்ச் நாளில் அவன் உள்ளே ஆடுவான், நான் பிளேசர் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். ஆடுகிறவனால் இனி முடியாது என்று டாக்டர் சொன்னால்தான் அப்போது மாற்றாள் இறங்கலாம். ஆகவே இரண்டு வருடமாக நான் என் நண்பன் அடிபடக் காத்திருந்தேன். இதை மெருகுபோட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு திங்கட்கிழமை பயிற்சி. சனிக்கிழமை வெளிநாட்டு அணி ஒன்றோடு மேட்ச். நானும் அவனும் எதிரெதிரே குனிந்து நின்றோம். கோச் பின்வரிசையில் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். தொடங்கச் சொல்லவில்லை. அவன் தன் கால்களைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். என் விரல்கள் சுண்டின. தவறுதலாக அல்ல. சுண்டினேன்.

என் பக்கத்து ஏழு பேருக்கும் ஒன்றும் தெரியாது. தள்ளு என்றால் தள்ளுபவர்கள். அவனுடைய கழுத்திலிருந்து வந்தது சின்னச் சத்தம்தான். நான் வேண்டுமென்று சுண்டியது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கோச் ஓடி வந்ததும் அவன் புல்லில் மல்லாந்து கிடந்தபடியே, கால் சறுக்கிவிட்டது என்றான். நான் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். சனிக்கிழமை ஜெர்சியைப் போட்டேன். பத்திரிகையில் படம் வந்தது.

அவன் பிறகு ஆடவேயில்லை. விளையாட்டைப் பார்த்து வேலை கொடுத்த முதலாளி, விளையாட்டு போனதும் வேலையையும் பறித்தார். வெவ்வேறு வருடங்களில் லண்டன் வந்து சேர்ந்தோம். அவன் கிழக்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் வீடு எடுத்தான். பாரம் தூக்க முடியாத கழுத்தோடு இங்கே என்ன வேலை கிடைக்கும்? அவன் மனைவிதான் காலையில் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட் என்று ஓடிக் குடும்பத்தைத் தாங்கினார். நான் போனால் களைப்போடேயே வடை சுட்டுத் தருவார்.

"உங்கட கூட்டாளிக்குக் காலை ஒழுங்கா ஊண்டத் தெரியாது, அண்ணை. அதாலதான் நான் இப்பிடி ஓடுறன்," என்பார்.

முதல் சில வருடங்கள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஓம், சறுக்கினது நான்தானே," என்பான் அவன். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பான். நான் வடையைப் பார்ப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவி தவறிப்போனார். செத்தவீட்டில் அவன் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றேன். எவ்வளவு நல்ல சிநேகிதன் என்று ஆட்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

இந்த மாசியில் அவன் டெலிபோன் எடுத்தான். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறதாம், விரல்கள் மரத்துவிட்டன, ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொன்னான். அங்கே ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவன் அதை என் மடியில் வைத்தான்.

"என்னால பேனை பிடிக்க ஏலாது. நீ எழுது."

பிறந்த தேதி, விலாசம், குடிக்கிற மருந்து எல்லாம் எழுதினேன். பிறகு, முதல் அடி எப்படிப் பட்டது என்று ஒரு கேள்வி. கீழே நாலு கோடு விட்டிருந்தார்கள்.

"இதுக்கு என்ன எழுத?" என்று கேட்டேன்.

"நீதானே முன்னுக்கு நிண்டனீ. நீயே எழுது."

வழக்கமான அந்தச் 'சறுக்கினது' இந்த முறை வரவில்லை. பயமாக இருந்தது. எழுபதை நெருங்கும் வயதில், ஒரு காகிதத்தைப் பார்த்து அவ்வளவு பயந்தேன். பக்கத்தில் யாரோ இருமினார்கள். எழுதினேன்: ரக்பிப் பயிற்சியில், இவர் தயாராகும் முன்பே எதிரில் நின்றவர் வேண்டுமென்று தள்ளவைத்தார். எதிரில் நின்றவன் நான்.

அவனால் கழுத்தை வளைக்க முடியாது. படிவத்தை வாங்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசித்தான். நாலு வரியை வாசிக்க நெடுநேரம் எடுத்தான்.

"உன்ர விரல் சுண்டினதை நான் அண்டைக்கே கண்டனான்," என்றான்.

"பிறகேன் சறுக்கினதெண்டு சொன்னனீ?"

"சனிக்கிழமை மேட்ச். இருந்தது ரெண்டு ஹூக்கர். ஒருத்தன் நிலத்திலை கிடக்கிறான். மற்றவனையும் கலைச்சுப்போட்டு ஆரை வைச்சு விளையாடுறது?"

"என்னை மன்னிச்சுக்கொள், மச்சான்," என்றேன். உள்ளேயிருந்து நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டாள். எழும்பக் கஷ்டப்பட்டான். முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். அவன் கையை உதறவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவள் உயிரோட இருக்கேக்கை சொல்லியிருக்கலாமடா," என்றான். "சாகுமட்டும் எனக்குக் காலை ஊண்டத் தெரியாதெண்டுதான் நினைச்சவள்."