ஜெரினாவின் கையில் குறையில்லை

ஜெரினா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, எரிந்துபோன ஒரு கிணற்று மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் மருமகள் சுதா கைப்பேசியைப் பிடித்தபடி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஜெரினாக்கா தவறிட்டாங்களாமா. மூணு நாளாக் காய்ச்சலாமா. சாயங்காலம் அடக்கம். போலாங்களா?"

"வேலை கெடக்குது" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். வெண்ணந்தூரிலிருந்து சேலம் ஒன்றும் தூரமில்லை. போயிருக்கலாம். போகாததற்கு வேலை காரணமில்லை. எது காரணம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெற்றோர் இதழில் அவரைப் பற்றி எழுத வேறு சிலரைத்தான் கேட்டிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்காததில் நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் நான் எழுந்தால் சண்டைக்குத்தான் எழுவேன் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் இதை அச்சிட்டே ஆகவேண்டும், ஒரு வரியையும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உங்களில் பலர் ஜெரினாவை நம் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகும் மையத்தின் டோக்கன் மேசையில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் அவர் பார்த்த வேலை வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பின்னால் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்தால், அந்தக் கைக்குழந்தையின் மூளை முதல் இரண்டு ஆண்டுகளில் எப்படி வளர்கிறது என்று மையத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மையத்துக்கு வர முடியாத குடும்பங்களுக்கு வீட்டிலேயே போய்ப் பதிவு எடுத்தவர் அவர்தான். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். என் மூத்த பேரன் புகழ் பேருந்தில் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அவன் தங்கைக்கு அப்போது ஆறு மாதம்.

அவர் வருவதற்கு முன்பே எனக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். புகழுக்கு மூன்று வயதாகும்வரை எத்தனை மருத்துவமனைக்கு அலைந்தோம் என்பது எனக்குத்தான் தெரியும். ஒருவர், தாய் பேச்சுக் கொடுக்கவில்லை என்றார். இன்னொருவர், கைப்பேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். என் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் கிடக்கிறான். அதற்கும் ஒருவர், அப்பன் முகம் பார்க்காத பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார். எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டு சுதா பிள்ளையோடு திரும்பி வருவாள். இந்த நிலையில் இன்னொரு பிள்ளைக்கு மூளைச் சோதனை என்று ஒரு வண்டி வாசலில் வந்து நின்றால், பங்காளிகள் என்ன பேசுவார்கள்? அவள் பெண் குழந்தை. நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா? சுதா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னைக் கேட்டுப் போடவில்லை.

முதல் நாள் ஜெரினா பதிவு எடுக்கவில்லை. விளக்கம் சொல்லத்தான் வந்தார். பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தொப்பியை எடுத்துக் காட்டினார். உள்பக்கம் முழுக்க ஈரப் பஞ்சு வைத்த முனைகள். மூளையில் ஓடும் மிகச் சிறிய மின்சாரத்தை அவை வெளியிலிருந்தே வாங்கிக் கணினித் திரையில் கோடுகளாகக் காட்டும், உள்ளே எதையும் செலுத்தாது என்றார். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து முகங்களைப் பார்க்கும், குரல்களைக் கேட்கும், அவ்வளவுதான் என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழிலைக் கற்றேன். இந்த ஊர்த் தறிகளில் ஓடும் மோட்டார்களில் பாதிக்கு மேல் என் கையால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவை. அதனால் அவரை விடவில்லை.

"ஏனுங்க அம்மணி, நான் மோட்டாரைச் சோதிச்சுப் பார்த்துப் பழுதுன்னா காயிலைப் புடுங்கி எறிஞ்சுருவேன். நீங்களும் இப்படித்தான் பிள்ளைகளைச் சோதிச்சுத் தரம் பிரிக்கறீங்களா?"

சுதா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெரினா கோபப்படவில்லை. என் கையைப் பார்த்தார். வார்னிஷ் கறை படிந்த கை.

"மோட்டாரு கட்டி முடிச்ச காயிலுங்க ஐயா. கொழந்த இன்னும் கட்டிக்கிட்டே இருக்கற காயிலு. பேச்சு வரலை, கண்ணப் பாக்கலைன்னு நமக்கு ஒன்றரை வயசுல, ரெண்டு வயசுலதான் தெரியுது. அதுக்கு முந்தியே உள்ள வேற மாதிரி கட்ட ஆரம்பிச்சிருக்கலாம். எப்ப, எந்த எடத்துலன்னுதான் பாக்கறோம். புடுங்கி எறியறதுக்கு இல்லீங்க."

"அப்ப சோதிச்சு முடிச்சதும் எம் பேத்திக்கு இருக்குதா இல்லையான்னு சொல்லீருவீங்களா?"

"சொல்ல முடியாதுங்க. நெறையக் கொழந்தைங்களோட பதிவ ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒத்தக் கொழந்தையோடத வெச்சுச் சொன்னா அது பொய்."

"அப்புறம் எனக்கு என்ன லாபம்?"

"லாபம் இல்லீங்க ஐயா. ஆனா மாசாமாசம் வருவேன். கொழந்தகிட்ட ஏதாவது என் கண்ணுல பட்டா அன்னைக்கே சுதாகிட்டச் சொல்லுவேன். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. அதையும் சொல்லுவேன்."

இவ்வளவு நேராக எங்களிடம் யாரும் பேசியதில்லை. அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் வீம்புக்காக, "டவுன்காரங்க நல்லாத்தான் பேசுவீங்க" என்றேன். "எங்கூட்டுக்காரரும் அதையேதான் சொல்லுவாருங்க" என்று சிரித்துவிட்டார்.

கிளம்பும் முன் குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட சோப்புக் குமிழி ஊதினார். பதிவு எடுக்கும்போது குழந்தை அசையாமல் இருக்க அப்படி ஊதுவார்களாம். வேற்று ஆள் வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் புகழ், மெல்ல வெளியே வந்தான். குமிழிகளைப் பார்த்தபடியே நகர்ந்து வந்து, ஜெரினாவின் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். ஜெரினா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. ஊதிக்கொண்டே இருந்தார். சோப்புத் தண்ணீர் தீரும்வரை ஊதினார். சுதா அடுப்படிக்குப் போய் அழுதாள். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்படியிருந்தும் இரண்டு வாரம் கழித்து நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பதிவு எடுக்க வருகிற நாள் காலையில், முன்னறை பிளக்கைப் பிரித்து எர்த் கம்பியைக் கழற்றி உள்ளேயே மடித்துவிட்டேன். அந்த மடிக்கணினியின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது, மையத்தில் கேட்டும் மாற்றித் தரவில்லை, பிளக்கில் மாட்டித்தான் ஆகவேண்டும் என்று அவரே முதல் நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். எர்த் இல்லாவிட்டால் அவ்வளவு நுண்மையான கருவி வீட்டு மின்சாரத்தின் இரைச்சலைத்தான் வாங்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடமாக வீடு வீடாகப் போய், எர்த் இல்லாத பிளக் எமன் என்று கத்தியவன் நான். பேரனும் பேத்தியும் விளையாடும் அறையில் அதை நானே கழற்றினேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி கோடுகள் வந்தன. ஜெரினா தொப்பியைக் கழற்றி, பஞ்சுகளை மறுபடி நனைத்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி வைத்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். வியர்த்துப்போய் என்னிடம் திரும்பினார்.

"ஐயா, எர்த் சரியா இருக்குங்களா?"

"எவம் ஊட்டுல வந்து என்ன கேக்கறீங்க அம்மணி? என்ற ஊட்டுல எர்த் இல்லாம இருக்குமா?"

அவர் முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்குங்க ஐயா. உங்களப் போய்க் கேட்டுட்டேன்" என்றார்.

அன்று மாலையே கம்பியை மாட்டிவிட்டேன். அடுத்த மாதம் வந்தபோது மறுபடி கழற்றினேன். அன்றும் அதே புல். இரண்டாவது முறை அவர் எர்த்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாப்பா இரண்டு மணி நேரம் தொப்பியோடு போராடி அழுததுதான் மிச்சம். நான் சுதாவிடம், "பாத்தியா, இவங்களுக்கே மிசினு புடிபடலை. பிள்ளையப் போட்டு ஏன் வதைக்கணும்?" என்றேன். அவளும் சோர்ந்துபோய் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் நினைத்தது நடந்தது. ஜெரினா எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. புகழ் அடுத்த சில வாரங்கள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேத்தி பேசினாள். ஒன்றரை வயதில் தாத்தா என்றாள், இரண்டு வயதில் என்னையே அதட்டினாள். அதை எனக்குக் கிடைத்த வெற்றி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமயத்தில்தான் புகழின் பயிற்சிக்காகக் கார் பிடித்து மையத்துக்குப் போனோம். டோக்கன் மேசையில் ஜெரினா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க ஐயா. பாப்பாவுக்குப் பேச்சு வந்துருச்சுங்களா?"

"நிறுத்த முடியலை. நான்தான் அப்பவே சொன்னனே, ஒண்ணும் இருக்காதுன்னு."

"ரொம்ப சந்தோசம்ங்க" என்றார். முகம் உண்மையிலேயே மலர்ந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "பாப்பாவோட பதிவு நல்லா வந்திருந்தா ரொம்ப ஒதவியா இருந்திருக்கும்ங்க ஐயா. அண்ணனுக்கு இருந்தும் தங்கச்சிக்கு வரலையே, அது ஏன்னு தெரிஞ்சுக்க இந்த மாதிரிக் கொழந்தைங்க பதிவுதான் வேணும். என் கையால கெட்டுப்போச்சு" என்றார்.

புகழைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தேன். உள்ளே பயிற்சி அறை வாசலில் இருந்த பெண்ணிடம், இவர் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டேன். "வெளி வேலையில இருந்து எடுத்துட்டாங்க சார். ஒரே வீட்டுல ரெண்டு பதிவக் கெடுத்துட்டாங்களாம். கை சரியில்லையாம்" என்றாள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் அவர் இருந்தார். டோக்கனைப் பிடித்துக்கொண்டு என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் அடக்கமான நான்காம் நாள், சேலம் கடைவீதியில் அவர் கணவர் அன்வரைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடப் பை தைத்து விற்கும் சின்னக் கடை. நான் வெண்ணந்தூர் என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. டீ வரவழைத்தார்.

"உங்க ஊட்டுப் பதிவு போனதுல இருந்து அவளுக்கு அதே நெனப்புதாங்க. மையத்துல தூக்கிப் போட்ட பழைய தொப்பி ஒண்ண வாங்கிட்டு வந்துட்டா. ஞாயித்துக்கெழமையானா என்ன உக்கார வெச்சு என் தலையில மாட்டிப் பழகுவா. எனக்குத்தான் முடி இல்லையே, தோதா இருக்கும்னு சிரிப்பா. பஞ்ச நனைச்சு நனைச்சு வெப்பா. வெரலு எங்கயோ தப்புதுங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. தப்பு எங்கன்னு கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க முடியல அவளால."

டீயைக் கீழே வைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். அன்வர் தையல் மிஷினை நிறுத்தினார்.

"எர்த்தக் கழட்டி உட்டீங்களா?"

"ஆமாங்க பாய்."

"உங்களப் பத்தி அவ என்ன சொல்லுவா தெரியுங்களா? அந்த ஐயா கோவக்காரரு, ஆனா கரண்டு வேலையில சுத்தம்னு சொல்லுவா."

தைத்துக்கொண்டிருந்த பையின் நூலைக் கத்தரித்தார். பிறகு, "இத ஏங்க எங்கிட்டச் சொல்றீங்க? எனக்கு அவ கை நல்ல கைதான். அவ கையில இருந்து மிசினப் புடுங்குனாங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க. பின்னாடி நின்னு பேசுனாங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லித் தொலைய வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தையும் அவருக்குக் கொடுக்க மனமில்லை.

மையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டு நேரில் போனேன். ஆராய்ச்சி முடிந்து கோப்பை மூடிவிட்டார்களாம். ஜெரினா தவறு செய்தார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, வேலை மாற்றம் என்றுதான் இருக்கிறது, இல்லாத பழியை எப்படி நீக்குவது என்று கேட்டார்கள். நான் அங்கேயும் சத்தம் போட்டேன். அவர் கேட்டபோதே பேட்டரியை மாற்றிக் கொடுத்திருந்தால் நான் கழற்றிய கம்பி ஒன்றும் செய்திருக்காது என்று சொன்னேன். அது அவர்கள் குற்றம். அதற்காக என் குற்றம் குறையாது.

காகிதத்தில் இல்லைதான். உங்கள் வாயில் இருந்தது. டோக்கன் வரிசையில் நின்றபடி, அந்தம்மாவுக்கு மிஷின் வேலை வராதாம் என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணந்தூர் மோட்டார் கடை நல்லமுத்து வேண்டுமென்றே கெடுத்தான் என்று என் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். என் பங்காளிகள் காதுக்கும் அது போகட்டும்.

இந்த இதழில் மற்றவர்கள் ஜெரினாவின் சிரிப்பையும் பொறுமையையும் எழுதியிருப்பார்கள். அவற்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அதில் பங்கு கேட்க எனக்கு முகமில்லை. அவர் இரண்டரை வருடம் தன்னுடையது என்று நம்பிச் சுமந்த பழி ஒன்று இருக்கிறது. அவர் விட்டுச்சென்றதில் நான் வைத்துக்கொள்வது அதை மட்டும்தான்.