இரவல் ஹோல்

மகளுக்குச் சாதகம் பொருந்தி வந்த முதல் இடம் அளவெட்டி. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். தகப்பன் தோட்டக்காரர், சைவ தீட்சை கேட்டு ஆசாரமாக இருப்பவர். ஆனி முடிவதற்குள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கேள்விப்பட்டதும், பட்டினத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசியாக இருக்கும் மனைவியின் தம்பி வந்து எங்கள் வீட்டு முன் ஹோலைப் பார்த்தார். சுவரோரம் இருக்க இரண்டு கதிரைகள், சுருட்டி வைத்த பாய்கள். வேறொன்றும் இல்லை.

"அத்தான், உந்த வெறும் ஹோலைக் கண்டால் உங்களை ஆர் மதிப்பினம்? நான் சாமான் அனுப்பிறன்."

"இரவல் எண்டு தெரிஞ்சால்?"

"சாமானிலை என்ரை பேர் எழுதியே கிடக்கு?"

மாட்டு வண்டிகளில் வந்து இறங்கின. மகாராணி காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது ஏலத்தில் விட்டவை: சிங்கக்கால் வைத்த மேசை, பொன்முலாம் சட்டமிட்ட ஆளுயரக் கண்ணாடி, குஞ்சம் தொங்கும் சிவப்புத் திரைகள், கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுப் பழங்கள், குமிழ் பதித்த தோல் சோபா. எல்லாம் வைத்த பிறகு நிலத்தில் ஒரு பாய் விரிக்க இடமில்லை. மனைவிக்குப் பூரிப்பு. நானோ அந்தக் கண்ணாடியில் என் முகம் விழாத பக்கமாகவே நடந்தேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பெரியவர் உள்ளே வந்து, இருக்கப்போன இடத்தில் நின்று, சோபாவைக் குனிந்து பார்த்தார்.

"உது மாட்டுத் தோலோ?"

"ஓம்" என்றேன்.

"தீட்சை கேட்ட உடம்பு, தம்பி. குறை நினையாதையுங்கோ. ஒரு பாய் இருந்தால் தாருங்கோ."

பாயை விறாந்தையில்தான் விரிக்க முடிந்தது. அவர் மனைவி அதில் இருந்தபடி ஹோலைத் திரும்பிப் பார்த்தார்.

"அரண்மனை மாதிரிக் கிடக்கு. எங்கடை வீடு சாணி மெழுகின நிலம். பிள்ளை அங்கை வந்து என்னெண்டு இருக்கும்?"

சாமான் எங்களுடையதென்றால் மகள் அவர்களுக்கு ஒத்துவராதவள். இரவலென்றால் நான் ஏமாற்றுக்காரன். சிவப்புத் திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"அது மாமாவின்ரை சாமான். நாளைக்குத் திரும்பிப் போயிடும். நான் பாயிலைதான் படுக்கிறனான்."

பெண் பார்க்க வந்த இடத்தில் யாரும் கேளாமல் பெண் வாய் திறப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். என் மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

"கதைக்கத் தெரிஞ்ச பிள்ளை" என்றார் பெரியவர். மெச்சினாரா, குத்தினாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "சொல்லி அனுப்பிறம்" என்று எழும்பினார்.

சாமான்கள் மறுநாளே போய்விட்டன. பின்னாலேயே ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கலியாணக் கதை எடுக்கமாட்டார்கள். அவர்கள் பேசாமல் இருப்பது அதனால்தானா? வாசல் படலை அசைந்தாலே எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

"ஆவணி வரட்டும், ஐயா. வந்து இருங்கோ" என்று மகள் வெறும் ஹோலில் எனக்குப் பாயை விரிக்கிறாள். அவளும் படலையைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டும் காணாதவன் போல இருக்கிறேன்.