எஸ்தருக்கு எல்லாமே நார்மல்

எஸ்தர் செத்துப்போய்விட்டாள்.

இன்று காலை, மணிமங்கலத்தில், அவள் வீட்டிலேயே. ஷிப்ட்டுக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்... நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தரும் நானும் ஒரே ஏர்லைன்ஸில் ஏவியானிக்ஸ் இன்ஜினியர்கள். விமானத்தின் ரேடியோ, ரேடார், காக்பிட் திரைகள், அதற்கான வயரிங் எல்லாம் எங்கள் பொறுப்பு. அதில் ஏதாவது கோளாறு என்றால், நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும்.

நான் இருப்பது ஒரகடத்தில். கம்பெனி கேப் என்னை ஏற்றிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து படப்பை தாண்டி, மணிமங்கலத்தில் அவளை ஏற்றும்.

ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னாடி கோமு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

நான் திருநெல்வேலிக்காரி. "ஒண்ணுமில்லட்டி" என்பேன். அந்த 'ட்டி'யை வைத்துக்கொண்டு தாம்பரம் வரை என்னை ஓட்டுவாள்.

ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மேலே பறக்கும்போது காக்பிட்டில் ஒரு திரை திடீரென்று இருண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிடும். பைலட்டுகள் புகார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தரையில் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் 'டெஸ்ட் ஓகே' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

சென்னைக்கு வந்தது. எஸ்தர் அனுப்பவில்லை.

பயணிகள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்தாயிற்று. ஷிப்ட் மேனேஜர் வேர்க்க வேர்க்க ஓடி வந்தார். "டெஸ்ட் ஓகேதானே எஸ்தர்? அப்புறம் என்ன? சைன் பண்ணு."

"மேல போனாதான சார் புட்டுக்குது? கீழ நிக்க வச்சி டெஸ்ட் பண்ணா ஓகேன்னுதான் காட்டும்."

பயணிகளை இறக்கினார்கள். ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டே வீடியோ எடுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைக் கழற்றி, பின்னால் இருந்த ப்ளக்கைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஊசி மாதிரி ஒரு பின் சரியாக உட்காராமல் பின்னால் தள்ளிப்போயிருந்தது. விமானம் அதிரும்போது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

நன்றி சொன்னார்கள் என்றா நினைக்கிறீர்கள்? தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அவள் பெயருக்கு.

இந்த வருஷம்தான் அவளுக்கு அந்தப் படபடப்பு தொடங்கியது. "திடீர்னு நெஞ்சு தடதடன்னு அடிச்சிக்குதுடி. கண்ணு இருட்டுது. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாயிடுது."

பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன், ரத்தம்... எல்லாமே நார்மல். டென்ஷனைக் குறைங்கம்மா, யோகா பண்ணுங்க என்றாராம் டாக்டர்.

"வர்ற நேரத்துல புடிக்கிற மாதிரி மெஷின் எதுவும் இல்லியா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். "கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?" என்று பதில்.

அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வேறொரு டாக்டர்தான் ஒத்துக்கொண்டார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டியிருக்கும் மானிட்டர். அதற்கு எடுத்த லீவு கேன்சல் ஆனது. ஆள் பற்றாக்குறை. மறுபடி தேதி வாங்கி மாட்டிக்கொண்டாள்... அன்றைக்குப் பார்த்து ஒன்றுமே வரவில்லை.

"நேத்து பூரா சமத்தா இருந்துச்சி கோமு. மெஷின கயட்டி வூட்டுக்கு வந்து சோறு துன்னுகினு இருக்கேன், தடதடன்னு ஆரம்பிச்சிடுச்சி."

ரிப்போர்ட்டில் நார்மல்.

ஒரு வாரம் மாட்டும் மானிட்டர் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது வரும் திங்கட்கிழமை.

யார் மேல் கோபப்படுவது? டாக்டர்கள் மேலா? டியூட்டி ரோஸ்டர் போட்டவர்கள் மேலா? எஸ்தர், எனக்கு உன் மேல்தான் அதிகக் கோபம். போன வாரம்கூட கேபில் கெஞ்சினேனே.

"அதுவரைக்கும் நீ ஷிப்ட்டுக்கு வராதட்டி. இப்படி ஒரு ப்ளேனா இருந்தா நீ அனுப்புவியா?"

"நான் வரலன்னா யாருடி பாக்கறது? இருக்கறதே நாலு பேரு."

இவ்வளவுதான் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகக் கும்பிடும் கைகள். மெழுகுவர்த்திகள். "நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்" என்று அதே மேனேஜர். கொஞ்ச நேரத்தில் அதே குரூப்பில் அடுத்த மெசேஜ்... "நாளைக்கு எஸ்தர் ஷிப்ட்டை யார் கவர் பண்றீங்க?"

போனைத் தூக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. குரூப்பை விட்டு வெளியே வந்தேன். ரோஸ்டரில் என் பெயரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

மத்தியானம் மணிமங்கலம் போனேன். சவப்பெட்டி வந்திருந்தது. எஸ்தரின் கணவர் டேவிட் அண்ணன், ஒரகடத்தில் டயர் கம்பெனியில் வேலை செய்பவர், நைட் ஷிப்ட் முடிந்து வந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள் ரூமுக்குக் கூப்பிட்டார்.

கட்டிலில் இரண்டும் இருந்தன. இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். கல்யாணப் புடவை.

"ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க சிஸ்டர். யூனிஃபார்ம்ல அனுப்பி வச்சா கௌரவமா இருக்கும்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கதான் கூடவே இருந்தவங்க... சொல்லுங்க."

"புடவையே கட்டுவோம்ண்ணே."

நானே கட்டிவிட்டேன். மடிப்பு சரியாக வரவில்லை. இரண்டு முறை பிரித்துக் கட்டினேன்.

நாளை மதியம் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

எஸ்தர்... நல்லாத் தூங்குட்டி.