பிரட்டில் முடிந்த வேலைகள்

கந்தலந்தை ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் ஒரு காலத்தில் நாலு கிளாக்கர்மார் இருந்தார்கள். இப்போது கிருஷ்ணராஜ் மட்டுந்தான். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் கட்டாருக்குப் போனார். மூன்றாமவருடைய வேலை இனித் தேவையில்லை என்று கொழும்புக் கம்பெனி சிங்களத்தில் ஒரு கடிதம் போட்டது. அதை அந்த மனுசனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவர் கிருஷ்ணராஜ். அன்றைக்கு நெஞ்சுக்குள் புகுந்த பயம் பிறகு வெளியே போகவே இல்லை.

பால்வெட்டுக்காரரின் மகன் அவர். உயர்தரத்தில் தவறி, தெரணியகலை டவுனில் கடை கடையாக வேலை கேட்டு அலைந்து, பத்தொன்பது வயதில் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருசம் ஓடிவிட்டது. சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொலிசுக்குப் போவதென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். வெளியில் அவ்வளவு தைரியமான ஆள். கொழும்பிலிருந்து போன் வந்தால் மட்டும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

போன வருசம் கம்பெனி தோட்டத்துக்கு ஒரு வேலைப் பலகை கொடுத்தது. சுவரில் தொங்குவதல்ல, போனுக்குள் இருப்பது. எந்த மலையில் என்ன வேலை, யார் பொறுப்பு, முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரியும். இந்த வருசம் அந்தப் பலகையோடு ஒரு ஏஐ உதவியாளரை இணைக்கச் சொன்னார்கள். அது பலகையைத் தானே படித்து, பின்னேரம் மூன்றரைக்கு அறிக்கை எழுதி, தோட்ட மேனேஜரான தொரைக்கும் ஆட்களின் போன்களுக்கும் அனுப்புமாம்.

இணைக்கிற அன்று தலைமை ஆபீசிலிருந்து அம்ரா என்ற பிள்ளை போனில் வழி சொன்னாள். பார்க்க மட்டும் அனுமதியா, எழுதவும் அனுப்பவும் அனுமதியா என்று கேட்டாள். கிருஷ்ணராஜ் எல்லாவற்றுக்கும் கொடுத்தார். வித்தியாசம் என்னவென்று திருப்பிக் கேட்டால், இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கே பேச்சு வந்துவிடுமே. கடைசியில் அவள் கேட்டாள்:

"பலகையில முடிஞ்சதுன்னு இருந்தா, அது உண்மையிலயே முடிஞ்சதுதானே சேர்? அத நம்பித்தான் இது ரிப்போட் எழுதும்."

"ஆமாங்க மிஸ்," என்றார்.

அது உண்மையில்லை. தோட்டத்தில் காலை ஆறரைக்குப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். கங்காணி பேரைக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். பேர் விழுந்தால் வேலை நடந்த மாதிரித்தான். கடதாசியில் இருந்த அந்தப் பழக்கம் அப்படியே போனுக்குள்ளும் வந்தது. சிவம் கங்காணி வேலையைக் கொடுத்த கையோடு 'முடிந்தது' என்பதைத் தட்டிவிடுவார். இதில் ஏமாற்று எதுவுமில்லை. பொழுது சாய கிருஷ்ணராஜ் நாலு பேரிடம் விசாரித்து, நடக்காததை மறுநாளைக்குத் தள்ளிப்போடுவார்; பலகையில் மட்டும் அது முடிந்ததாகவே நிற்கும். எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்பதால் யாருக்கும் இதைச் சொல்லவேண்டி வந்ததில்லை. இந்தப் புது ஆளுக்கும் யாரும் சொல்லவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவே இல்லை. மேட்டு லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு விரிசல் இருந்தது. இரு பக்கமும் முளை அடித்து, நடுவில் கயிறு கட்டி, ஒவ்வொரு நாளும் அளந்து பார்க்கும்படி அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஆறாவதில் அவருடைய தங்கச்சி மகாதேவி, புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள்.

மூன்றாம் நாள் மூன்றரைக்கு அறிக்கை வந்தது. 'மேட்டு லயம், விரிசல் அளவிடல்: முடிந்தது. பிரச்சினை எதுவும் பதிவாகவில்லை.' அடுத்த நிமிடமே தொரை போன் எடுத்து, அப்படியானால் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றவேண்டாம் என்றார். சரி சேர் என்று சொல்லி வைத்த பிறகுதான் கிருஷ்ணராஜ் நேரத்தைக் கவனித்தார். முடிந்தது என்று விழுந்திருந்த நேரம் காலை ஆறு நாற்பது. உடனே சிவம் கங்காணிக்கு அடித்தார்.

"விரிசல் பாக்க யாரு போனா கங்காணி?"

"ரெண்டு பேரப் போட்டேங்க. பொறகு ரோட்டுல மரம் விழுந்திருச்சுனு அங்க அனுப்பிட்டேன்."

"அப்ப லயத்துக்குப் பின்னுக்கு யாருமே போகலயா?"

"பேர் மட்டும்தாங்க விழுந்திச்சு," என்றார்.

குடையை எடுக்கக்கூடத் தோன்றாமல் கிருஷ்ணராஜ் ஓடினார். லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தபோது கயிறு அறுந்து கிடந்தது. ஒரு முளை சரிந்திருந்தது. விரிசலுக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கீழே, மகாதேவி சமைக்கும் குசினிச் சுவரடியில் செம்மண் தண்ணீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது.

வாசல் வாசலாகத் தட்டினார். சனங்கள் எட்டிப் பார்த்தார்களே ஒழிய அசையவில்லை. வருசா வருசம் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்துப் படுத்து அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. மகாதேவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வா."

"என்னண்ணே நீ. ஒன்னுமில்லனு இப்பத்தானே மெசேஜ் வந்திச்சு. ஒங்க ஆபீஸ்தானே அனுப்பிச்சு?"

"அது எங்கள நம்பி அனுப்பிருச்சு. யாரும் போய்ப் பாக்கல."

"நீ சின்னதுலருந்தே இப்புடித்தான். இலை விழுந்தாலும் மலை விழுந்திச்சும்ப." சிரித்துக்கொண்டே ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

இவளிடம் பேசி ஆகப்போவதில்லை. தாழ்வாரத்தில் நின்று போனை எடுத்தார். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை. சட்டையின் உள்பக்கத்தில் துடைத்துத் துடைத்து, நாலாம் தரம்தான் பலகை திறந்தது. முடிந்தது என்பதை எடுத்துவிட்டு, மேட்டு லயத்து ஆட்களை உடனே வெளியேறச் சொல்லும்படி எழுதினார். உதவியாளர் பதில் எழுதியது: 'வெளியேறும் அறிவிப்பை இப்போதே அனுப்புகிறேன். இந்த வேலை காலையில் முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. அந்தப் பதிவு தவறா?'

கம்பெனி முழுக்கப் பார்க்கும் இடம் அது. ஆமாம் என்று எழுதினால் அழிக்க முடியாது. சுவரடியில் வழிந்த தண்ணீர் இப்போது வாசலைத் தொட்டிருந்தது. 'தவறு. யாரும் பார்க்கவில்லை. நான் இப்போது பார்த்தேன், விரிசல் பெருத்துவிட்டது' என்று எழுதினார்.

அவர் எழுதி முடிக்குமுன்பே பன்னிரண்டு காம்பராக்களிலும் போன்கள் அலறத் தொடங்கிவிட்டன. மகாதேவி போனைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "ஐயோ, போன்லயே வந்திருச்சு," என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். அண்ணன் கத்தியதும் அதே சொல்தான்.

நாலேமுக்காலுக்கு மலை இறங்கியது. பள்ளிக்கூடத்தில் நின்றபடி எல்லாரும் கேட்டார்கள். இடி மாதிரி இல்லை, லொறியில் கல் கொட்டுகிற மாதிரி நீண்ட சத்தம். ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை காம்பரா இல்லை. ஆட்களைத் தலை தலையாக எண்ணினார்கள். லயத்து ஐம்பத்தொரு பேரும் இருந்தார்கள். மகாதேவி தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்போது தொரை போன் எடுத்தார். கிருஷ்ணராஜ் கொழும்புப் போனுக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார். தொரை சிங்களத்தில் பேசினார். அறிவிப்பு நேரத்துக்குப் போனது நல்லதாய்ப் போயிற்று, ஆனால் காலையில் முடிந்தது என்று போட்டது எப்படி என்று கேட்டார். ஒருநாள் தவறு என்று சொல்லியிருக்கலாம். நாற்காலி தப்பியிருக்கும். கிருஷ்ணராஜ் பிரட்டுப் பழக்கத்தை முதலிலிருந்து சொன்னார். அம்ராவுக்குச் சொன்ன பொய்யையும் சொன்னார்.

பிறகு தொரை மெதுவாகக் கேட்டார். குடிதண்ணீர்த் தொட்டிக்கு மருந்து போட்டது, குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்துக் கரண்ட் வயர் மாற்றியது, ஆற்றுப் பாலத்துக்குப் பலகை அடித்தது, இதில் எதெல்லாம் இந்த மாதிரி முடிந்தது?

கிருஷ்ணராஜ் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்த தங்கச்சியைப் பார்த்தார்.

"ஒக்கோம, சேர்," என்றார். எல்லாமே.