இடது பக்க மட்காட்

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தபோது அது என் சகலனுடையது அல்ல, மாமனாருடையது. கறுப்பு நிற ஏ-40. நான் தோட்டவெளிக்கு மாப்பிள்ளையாக வந்த நாளில் கோயிலிலிருந்து எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். மாமா ஓட்டினார், மாமி முன்னுக்கு இருந்தார். பின்னால் இருந்த நான் புதுப்பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கதவுத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேனாம். மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நான் என்ன செய்வது, என் தொழில் அப்படி. நான் டிங்கர். நசுங்கிய தகட்டை நிமிர்த்துவேன், துருக் கறள் தின்றதை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டுவேன், மேலே பெயின்ற் அடிப்பேன். மன்னார்ப் பட்டினத்துக் கராஜ் ஒன்றில் இருபத்தேழு வருடமாக இதே வேலை.

மாமா செத்த பிறகு கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றது. டயர்கள் காற்றுப் போய் மணலுக்குள் புதைந்தன. வெயில் நேரத்தில் ஊர்க் கழுதைகள் அதன் நிழலில் வந்து படுத்தன. நான் ஒவ்வொரு நாளும் இரண்டு வீட்டுக்கும் நடு வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து மாமி வீட்டுக்குப் போகும்போது அதை ஒரு தரம் பார்ப்பேன். என்றைக்காவது மாமி கூப்பிட்டு, “தம்பி, உது உங்கட கைக்குத்தான்” என்று சொல்லுவார் என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. அதுதான் என் குணம். வேண்டியதைக் கேட்கமாட்டேன், கிடைக்காவிட்டால் கோபிப்பேன்.

இலவு காத்த கிளியாக ஒன்பது வருடம் காத்தேன். பிறகு மனைவியின் தங்கைக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய் இருந்த வீடு கடைசி மகளுக்குச் சீதனமாகப் போனது. வீடும் வளவும் அதில் நின்ற மரங்களும். கொட்டிலும் வளவுக்குள்தான், கார் கொட்டிலுக்குள்தான். யாரும் அதைத் தனியாகப் பேசவில்லை. முருங்கை மரம் போனது போல அதுவும் போனது.

சகலன் நானாட்டான் பக்கத்து ஆள். வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். பிரதேச செயலகத்தில் கிளாக். சுத்தமான சேட்டு, அதன் பையில் இரண்டு பேனா. சுத்தியலைப் பிடித்த கை இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அவர் காரின் மேல் கிடந்த தறப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, நான் இதை நானே செய்து பாக்கப்போறன். எல்லாம் வீடியோவில கிடக்கு.”

“செய்யுங்கோ, செய்யுங்கோ,” என்றேன். மனதுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. இரண்டு கிழமையில் விரலை வெட்டிக்கொண்டு வந்து நிற்பார், அப்போது கார் தானாக என் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன்.

அவர் விரலை வெட்டவில்லை. கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் சிறிய பைகளில் போட்டு, எங்கே இருந்தது என்று தன் செயலகக் கந்தோர்க் கோவை மாதிரி எழுதி ஒட்டினார். பழைய வாளிகளிலும் தகரங்களிலும் வெல்டிங் பழகினார். முதல் மாதம் அவருடைய ஒட்டு காகம் எச்சமிட்டது போல இருந்தது. நான் வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் மாதம் காரின் அடித்தளத்துக்குப் புதுத் தகடு வைத்து ஒட்டியிருந்தார். குனிந்து பார்த்தேன். நேராக, ஒரே அளவாக, துளை இல்லாமல் போயிருந்தது. எனக்கு அப்படி ஒரு ஒட்டு வர நாலு வருடம் எடுத்தது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. வயிறு எரிந்தது.

இடது பக்க முன் மட்காட்டில்தான் அவர் நின்றுவிட்டார். சக்கரத்தின் மேல் வளைந்து, கதவை நோக்கி மெல்ல இறங்கும் துண்டு அது. கறள் அதை வலை போலத் தின்றிருந்தது. கொழும்பு வரைக்கும் விசாரித்தார், எங்கும் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் பொட்டுக்குள்ளால் வந்தார்.

“அண்ணை, இது வீடியோ பாத்துச் செய்யிற வேலை இல்லை. உங்களால மட்டும்தான் ஏலும்.”

முகத்தைச் சுளித்து, நேரமில்லை என்று இழுத்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். உண்மையில் அவர் கேட்டு முடிக்கும் முன்பே எந்தத் தகடு, எத்தனை துண்டு என்று முடிவு செய்துவிட்டேன். சீமெந்துப் பைக் கடதாசியில் அச்சு வெட்டினேன். பனங்குற்றி ஒன்றின் தலையைக் கிண்ணம் போலக் குடைந்து, அதன் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடித்து அடித்துக் குழிவை எடுத்தேன். பதினொரு பின்னேரம். கராஜில் இப்படி வேலை செய்ய விடமாட்டார்கள். அங்கே பள்ளத்தில் பில்லர் பசையை அப்பித் தேய்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகவேண்டும். இந்த மட்காட்டுக்கு ஒரு கரண்டி பில்லர்கூடத் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. என் ஆயுளில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று இப்போதும் சொல்லுவேன்.

அதைக் காரில் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் கொட்டிலடிக்கு வந்தார்கள். நான் மட்காட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் காரைச் சுற்றி வந்தார்கள்.

“கந்தோர் வேலையும் பாத்துக்கொண்டு தனியாளாச் செய்திருக்கிறார்,” என்று ஒரு சித்தப்பா சொன்னார்.

“அண்ணைதான் அந்த மட்காட்...” என்று சகலன் சொல்லத் தொடங்கினார். அதற்குள் யாரோ குளிர்பானம் கொண்டுவந்தார்கள், பேச்சு மாறிவிட்டது. என் மனைவியும் தன் பங்குக்கு, “இவர் இருபத்தேழு வருசமா அடிக்கிறார், எங்களுக்கு எண்டு ஒரு சைக்கிள் மட்காட் கூட அடிச்சுத் தரேல்லை” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சகலன் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் பொட்டுக்குள்ளால் தலையை விட்டபோது அவர் என் மட்காட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயின்ற் அடிக்கும் முன் தகட்டை வோட்டர் பேப்பர் என்ற தேய்தாளால் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்கவேண்டும். அவருக்குப் பக்கத்தில் வாளி. வாளியிலிருந்து கிணற்றுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் மன்னார்த் தீவில் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். தகட்டில் படவிடக் கூடாது. கழுவித் துடைத்தாலும் உப்பு எங்காவது மிஞ்சும், அதன் மேல் எந்தப் பெயின்ற் அடித்தாலும் கொஞ்ச நாளில் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். அதனால் இங்கே பெயின்ற் வேலை செய்கிற நாங்கள், வாளியில் யார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாலும், முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேப்பரை நனைப்போம். கராஜில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம் இது. வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த ஆளுக்கு இது எப்படித் தெரியும்? வீடியோவில் சொல்கிறவனுக்கும் தெரியாது. குழாயில் வருவது நல்ல தண்ணீர்தான். ஆனால் அது வருகிற நேரம் குறைவு. “குடிக்கிற தண்ணியை உந்தத் தகரத்தில ஊத்தாதேங்கோ,” என்று மாமி முதல் நாளே சட்டம் போட்டிருந்தார்.

“வாங்கோ அண்ணை,” என்றார் சகலன். “நல்லா மினுங்குது, என்ன?”

நான் வாளியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். “தம்பி, தண்ணியை மாத்துங்கோ.” அவ்வளவுதான்.

“ஓம், நல்லா மினுங்குது,” என்றேன்.

மூன்று நாள் அந்தத் தண்ணீரில் தேய்த்தார். மூன்று நாளும் போய் நின்று பார்த்தேன். தனியாளாகத்தானே செய்கிறார், தனியாளாகவே படட்டும் என்று நினைத்தேன். மற்றத் துண்டுகளை அவர் கழற்றியவுடனேயே காய்ந்த பேப்பரால் தேய்த்து, முதல் பூச்சு அடித்து, அதன்மேல் பில்லரும் கனமாக வைத்திருந்தார். அவற்றில் உவர் நேரே தகட்டில் படவில்லை. வெறும் தகடாக நின்று அந்தத் தண்ணீரைக் குடித்தது என் மட்காட் ஒன்றுதான். அது என் புத்திக்கு எட்டவில்லை. இருபத்தேழு வருடத் தொழில்காரனுக்கு எட்டவில்லை. பொறாமை வந்தால் சொந்தக் கை செய்ததுகூடக் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சோளகக் காற்று மணலை அள்ளி வீசத் தொடங்கும் முன்பே பெயின்ற் அடித்துவிட்டார். கொட்டிலைச் சுற்றி மாமியின் பழைய சேலைகளைக் கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தார். வெளிர் பச்சை. சொல்ல மனமில்லை, அழகாக இருந்தது.

ஆவணித் திருநாளுக்கு அந்தக் காரில்தான் எல்லாரும் மடுக் கோயிலுக்குப் போனோம். சகலன் ஓட்டினார், மாமி முன்னுக்கு இருந்தார். நான் கலியாண நாளைப் போல மறுபடியும் பின்னால். மடுவில் மரத்துக்குக் கீழே நிறுத்தியதும் ஆட்கள் வந்து காரோடு நின்று படம் எடுத்தார்கள். நான் இடது பக்கம் போய்ச் சும்மா மட்காட்டில் கை வைத்தேன். வளைவின் உச்சியில், குரக்கன் மணி அளவில், ஏதோ ஒன்று விரலில் தட்டியது. பக்கத்தில் இன்னொன்று. கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பூசையில் ஒரு செபமும் வாயில் வரவில்லை.

மாதம் முடிவதற்குள் மட்காட்டுக்கு அம்மை போட்டது போலாயிற்று. காரின் மற்ற இடம் எல்லாம் கண்ணாடியாக இருந்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் எனக்கு முதுகு காட்டி இருந்த இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

“முழுக்காரும் வடிவாத்தான் இருக்கு. அந்த ஒரு துண்டைத்தான் வெளியில குடுத்துச் செய்விச்சவராம்.”

“அதுதான் பாருமன், கூலி வேலையின்ர இலட்சணம்.”

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். “என் தகட்டில் பிழையில்லை, தண்ணீரில்தான் பிழை,” என்று கத்தலாம். கத்தினால் அடுத்த கேள்வி, உமக்கு எப்படித் தெரியும் என்பதுதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

“மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப் பிழையாகட்டும் எண்டு நிண்டிருக்கிறியள்,” என்றாள். “அதில அந்த மனுசன் உங்களுக்கு எதிரியும் இல்லை.”

அன்று பின்னேரம் சகலனே பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் உரிந்த பெயின்ற் துண்டு ஒன்று. அதன் அடிப்பக்கம் செம்மண் நிறத்தில் இருந்தது.

“அண்ணை, உங்கட வேலையில பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆர் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டன். பிழை என்ர கையாலதான் எங்கேயோ வந்திருக்கு.” துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆனா எங்கே எண்டுதான் விளங்கேல்லை. நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்து பாத்தனீங்கள். பிழையாச் செய்திருந்தால் அப்பவே சொல்லியிருப்பியள்தானே?”

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் சொன்னதைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. “நாளைக்குப் பாப்பம்,” என்று மட்டும் சொன்னேன்.

காலையில் குழாயில் தண்ணீர் வந்தவுடன் இரண்டு கான் நிறைய நல்ல தண்ணீர் பிடித்தேன். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளால் பக்கவாட்டில் நுழைந்து போனேன். சகலன் மட்காட்டைக் கழற்றி மர வாங்கின் மேல் வைத்து, பெயின்றைச் சுரண்டி முடித்திருந்தார். கான்களை அவருடைய காலடியில் வைத்தேன்.

“கிணத்துத் தண்ணிதான் தம்பி. உப்பு. எங்கட ஆக்கள் நாக்கில வைச்சுப் பாக்காமல் பேப்பரை நனைக்கமாட்டினம்.”

அவர் கான்களைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். “உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணை?”

“முதல் நாளே.”

கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமி கையை நிறுத்தினார். சகலன் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், ஒன்பது வருடக் கதையை எல்லாம் எடுத்து விட்டிருப்பேன். அவர் குனிந்து என் கானைத் திறந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, என்னைப் பார்க்காமல், நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் பேப்பரை நனைத்தார்.

அந்தக் கான் முடிந்ததும் இரண்டாவது கானையும் திறந்து, அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்.